பெருக்கெடுத்த ஓடையில் டிரவுட்: நீலகிரித் தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எமரால்டு, அவலாஞ்சி பக்கம் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தேடித் தூண்டிலோடு போகிறவர்கள் மழைக்காலம் ஓய்ந்த கையோடு என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் இவை. வெயில் காலத்தில் கணுக்கால் அளவு ஓடும் அதே ஓடை, ஆடி, ஆவணியில் ஆளைத் தள்ளும் வேகத்தில் வரும். வெயில் காலத்தில் கற்ற பாடம் அப்போது பாதிதான் உதவும். எனக்குப் பட்டதை ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். ஊட்டிக் குளிரில் கைவிரல் மரத்துப்போன நிலையில் கற்றுக்கொண்டவை என்பதால் சில இடங்களில் பிடிவாதம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இப்படி இழுக்கிறதே, இதில் மீன் எங்கே நிற்கும்?

இழுக்காத இடத்தில் நிற்கும். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

சந்தை நாளில் மார்க்கெட்டுக்குள் ஆளை ஆள் தள்ளும்போது தூணை ஒட்டி ஒருவர் நிம்மதியாக நிற்பார், பார்த்திருப்பீர்கள். கூட்டம் இரண்டு பக்கமும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். டிரவுட் அந்த ஆசாமிதான். ஓட்டத்தில் நீந்திக்கொண்டே இருந்தால் தின்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகிவிடும். அதனால் மெதுவான நீரில் உடம்பை வைத்துக்கொண்டு, வேகமான நீர் கொண்டுவரும் இரையைப் பார்த்திருக்கும். இரை வந்ததும் ஒரு பாய்ச்சல், உடனே பழைய இடத்துக்குத் திரும்பல்.

ஆகவே தேட வேண்டியது வேகமும் மெதுவும் உரசும் கோடு. தண்ணீரின் மேல் நுரை ஒரு கயிறுபோல நீண்டு போகும் இடம் அந்தக் கோடு. நுரை போகும் வழியில்தான் பூச்சியும் போகும்.

பாறைக்குப் பின்னால் மீன் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அங்கேதான் எறிகிறார்கள். பாறைக்கு முன்னால் யாரும் எறிவதில்லை. ஓட்டம் பாறையில் மோதித் திரும்பும் இடத்தில், பாறை முகத்தை ஒட்டி ஒரு சாண் அளவுக்கு நீர் மெத்தைபோல அமைதியாக இருக்கும். என் அனுபவத்தில் பெரிய மீன் அங்கே நிற்கிறது. வருகிற இரை முதலில் அதற்குத்தானே கிடைக்கும்!

அடுத்தது கரை ஓரம். நீர் ஏறும்போது மீன் நடு ஆற்றைக் கைவிட்டுக் கரைக்கு ஒதுங்கும். நேற்று நீங்கள் நின்ற புல்தரையில் இன்று முழங்கால் அளவு நீர் நின்றால், மீனும் அங்கே இருக்கலாம். கரை குடைந்து மேலே வேர்கள் தொங்கும் இடம், வளைவின் உள்பக்கம், சிறு ஓடை வந்து கலக்கும் முனை, மடு முடிந்து நீர் மெலிந்து வழியத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் உள்ள பரப்பு ஆகியவற்றையும் விடாதீர்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராகத் தண்ணீருக்குள் காலை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். மீன் இருந்த இடத்தை மிதித்துவிட்டு, மீன் இல்லாத இடத்தில் எறிகிறார்கள்.

ஓட்டம் எவ்வளவு வேகம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லையே?

கண் ஏமாற்றும். ஒரு காய்ந்த இலையைப் போடுங்கள். கரையோரம் மூன்று நீளமான அடிகள் எடுத்து வைத்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர். இலை அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். மூன்று விநாடி என்றால் விநாடிக்கு ஒரு மீட்டர். இங்கே டிரவுட் வெட்டவெளியில் நிற்காது, ஏதாவது மறைவு இருந்தாக வேண்டும். ஆறு விநாடிக்கு மேல் ஆனால் அந்த நீரில் தாராளமாக எறியலாம்.

இலை காட்டுவது மேல்மட்ட வேகம் மட்டுமே. அடியில் கல்லும் சரளையும் உரசுவதால் நீர் அங்கே நன்றாக மெதுவாகிவிடும். மேலே சீறிக்கொண்டு போகும் நீருக்கு அடியில், முழங்கை உயரக் கற்களுக்கு நடுவே, மீன் சாவகாசமாக நிற்கும். தூண்டில் அந்த மட்டத்துக்குப் போகவில்லை என்றால் நாள் முழுவதும் எறிந்தாலும் பயனில்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் பாஸ் மீன் பிடிக்கிறார்களே, அது இங்கே கிடைக்குமா?

கிடைக்காது. லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் இரண்டுமே வட அமெரிக்க மீன்கள். நம் மலை ஓடைகளில் இல்லை. ஆனால் அந்த வீடியோக்கள் வீண் அல்ல. ஓட்டமுள்ள ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் நிற்கும் விதமும் டிரவுட் நிற்கும் விதமும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி. பாறை மறைவு, எதிர்சுழி, நுரைக்கோடு எல்லாம் இரண்டுக்கும் பொது. இரையின் அளவை மட்டும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அங்கே கைவிரல் நீள ரப்பர் புழு போடுகிறார்கள் என்றால் இங்கே நகத்தளவு போதும்.

"அந்த மீனைக் கொண்டுவந்து விட்டால் என்ன?" என்று ஒரு தம்பி ஆர்வமாகக் கேட்டார். வேண்டவே வேண்டாம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் லார்ஜ்மவுத் பாஸ் இருக்கிறது. சங்கடமான செய்தி ஒன்றும் உண்டு: நாம் தூக்கிக் கொண்டாடும் ரெயின்போ டிரவுட்டும் அதே பட்டியலில் இருக்கிறது.

அப்படியானால் டிரவுட் இங்கே எப்படி வந்தது?

ஆங்கிலேயர்களின் ஊர் ஏக்கத்தால். இந்திய மீன்களைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற மருத்துவர் பிரான்சிஸ் டே 1860-களில் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. கப்பலில் வாரக்கணக்கில் முட்டையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது அந்தக் காலத்தில் லேசான காரியமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசின் மீன்வள நிபுணராக இருந்த எச்.சி.வில்சன் ரெயின்போ டிரவுட்டின் முட்டைகளை இலங்கையிலிருந்து வரவழைத்தார். அவை பிழைத்தன. அவலாஞ்சிக் குஞ்சு பொரிப்பகமும் அந்தக் காலத்தில் உருவானதுதான்.

அவலாஞ்சி என்ற பெயரே 1823-இல் நேர்ந்த பெரும் நிலச்சரிவால் வந்தது. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அது. இந்த ஓடைகளின் இழுப்பைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சமயத்தில் போனால் பலன் இருக்கும்?

தேதியைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். பெருமழை முடிந்த உடனே ஓடை பால் விட்ட டீபோல இருக்கும். தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடலாம். மீனுக்கு மூக்குக்கு முன்னால் வருவதுகூடத் தெரியாது. ஓரிரு நாளில் பால் இல்லாத டீயின் நிறத்துக்கு வரும். உங்கள் முழங்கால் அளவு நீரில் செருப்பு நுனி மங்கலாகத் தெரிகிறதா? அதுதான் நேரம். மீன் பசியோடு இருக்கும், உங்களையும் அதற்குச் சரியாகத் தெரியாது, கரைக்கும் ஒதுங்கியிருக்கும். மூன்றும் கூடி வருவது வருடத்தில் சில நாட்கள்தான். கண்ணாடிபோலத் தெளிந்த பிறகு வேலை கடினம். நிழல் விழுந்தாலே ஓடிவிடும்.

நீர் ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதும் முக்கியம். ஏறும் நீரில் முதல் அரைமணி நேரம் மீன் வெறிபிடித்ததுபோலத் தின்னும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். இறங்கும் நீரில் நிதானமாக நாள் முழுவதும் தின்னும். நான் இறங்கும் நீரின் கட்சி. உயிருக்கும் அதுதான் நல்லது.

அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் தென்மேற்குப் பருவமழை, அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழை. ஒரு பக்கம் கலங்கியிருக்கும்போது மறுபக்கம் தெளிந்திருக்கும். பனி விழும் மாதங்களில் டிரவுட் சரளையில் குழி பறித்து முட்டையிடும். ஓடையின் அடியில் பாசி இல்லாமல், கழுவி வைத்ததுபோல வெளிறிய சரளைத் திட்டு தெரிந்தால் மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

கோலும் நரம்பும் எந்த அளவு வேண்டும்?

ஆறு முதல் ஏழு அடிக் கோல், சிறிய ஸ்பின்னிங் ரீல். இதற்குமேல் செலவு செய்வது உங்கள் சந்தோஷம். நரம்பு, அதாவது தூண்டில் நூல், தெளிந்த நீருக்கு நான்கு பவுண்டு எடை தாங்குவது, கலங்கிய பெருக்குக்கு ஆறு அல்லது எட்டு. கனமான நரம்பு வாங்கினால் அறுந்துபோகாது என்று நினைக்கிறார்கள். தடிமன் கூடக் கூட ஓட்டம் நரம்பைப் பிடித்துத் தள்ளும், தூண்டில் மேலே எழும்பிவிடும். அறுந்துபோவதில் பெரும்பாலானவை முடிச்சில்தான் அறுகின்றன. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு நலிந்துவிடும்.

ஈயம் எவ்வளவு கட்டுவது?

இதுதான் நான் பார்த்தவரை எல்லோரும் தவறும் இடம். தூண்டிலில் என்ன மாட்டியிருக்கிறது என்பதைவிட அது எந்த ஆழத்தில் போகிறது என்பது பத்து மடங்கு முக்கியம்.

மிளகளவு ஈயமணி ஒன்றை முள்ளிலிருந்து ஒரு சாண் மேலே நரம்பில் கடித்துப் பொருத்துங்கள். கடிப்பது என்றால் பல்லால் அல்ல, குறடால், ஈயம் நஞ்சு. எறிந்து, நரம்பைத் தளராமலும் இழுக்காமலும் வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள். விரலில் நரம்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். அடியில் கல்லில் ஈயம் தட்டும்போது "டிக்" என்று ஒரு சிறு அதிர்வு வரும். ஒரு ஓட்டத்தில் மூன்று நான்கு முறை தட்டினால் அளவு சரி. தட்டவே இல்லை என்றால் இன்னொரு மணி சேருங்கள். ஓயாமல் தட்டி நின்று நின்று போனால் ஒன்றைக் கழற்றுங்கள். பத்து அடி தள்ளி அடுத்த இடத்துக்குப் போனால் மறுபடி அளவு மாறும். சோம்பல்படாமல் மாற்றுகிறவருக்கு மீன் கிடைக்கிறது. நானே ஒரு காலை முழுவதும் ஒற்றை மணியோடு எறிந்து வெறுங்கையாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற படுகர் பெரியவர் ஒருவர் என் நரம்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, மீன் கீழே குடியிருக்கிறது, நீ மாடியில் கதவைத் தட்டுகிறாய்" என்றார். இரண்டு மணி சேர்த்தேன். அடுத்த எறியிலேயே கடித்தது.

மேல்நோக்கி எறிவதா, கீழ்நோக்கி எறிவதா?

ஓட்டத்துக்கு எதிராக, சற்றுச் சாய்வாக மேல்நோக்கி. மீன் ஓட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். அதன் முதுகுப் பக்கம் நீங்கள். இரையும் இயல்பாக வருகிற திசையில் வரும். குறுக்கே எறிந்து கீழே வளையவிட்டால், நரம்பின் நடுப்பகுதியை ஓட்டம் பிடித்து வில்லாக வளைத்துவிடும். தூண்டில் இழுபட்டு, மேலெழுந்து, எந்தப் பூச்சியும் போகாத வேகத்தில் ஆற்றைக் கடக்கும். மீன் அதைப் பார்த்து வியக்குமே தவிரக் கடிக்காது.

வேகமான நீர் உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் இருந்தால் கோல் நுனியை உயர்த்தி, நரம்பு அந்த வேக நீரைத் தொடாமல் பிடியுங்கள். கோலுக்கு எட்டும் தூரத்தில் எறிந்தால்தான் இது நடக்கும். பெருக்கில் நீண்ட எறி எதற்கு? கலங்கிய நீரில் மீனிடமிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்றாலே போதும்.

ஸ்பின்னரா, ஸ்பூனா, செயற்கை ஈயா?

கலங்கல் இருந்தால் ஸ்பின்னர். அதன் தகடு சுழலும்போது எழும் அதிர்வை மீன் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் உணரும். கண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பித்தளை நிறம் நம் தேநீர் நிற நீரில் நன்றாக எடுக்கிறது, கருப்பும் சோடை போனதில்லை. வெள்ளி நிறம் வெயிலும் தெளிந்த நீரும் சேரும்போது. ஓட்டத்தைவிடச் சற்றே வேகமாகச் சுற்றுங்கள், தகடு சுழல்கிற அளவு போதும். ஸ்பின்னருக்கு முன்னால் சுழல்வளையம் மாட்டாவிட்டால் மாலைக்குள் நரம்பு முறுக்கேறி இடியாப்பமாகிவிடும்.

ஐந்து முதல் ஏழு கிராம் ஸ்பூன், அதாவது கரண்டி வடிவ உலோகத் தகடு, ஆழமான மடுவுக்கு. செயற்கை ஈயில் எடை வைத்த நிம்ஃப், அதாவது நீருக்கடியில் வாழும் பூச்சிப்புழுவின் போலி, மட்டும் பெருக்கில் எடுபடும். மிதக்கும் ஈக்களைப் பிப்ரவரிக்கு எடுத்து வையுங்கள். ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் மணலையும் குச்சியையும் ஒட்டிக் கட்டிய சிறு கூட்டுக்குள் ஒரு புழு இருக்கும். நீங்கள் மாட்டும் நிம்ஃப் அதன் நிறத்தில், அதன் அளவில் இருந்தால் கடையில் வேறு ஆலோசனை கேட்க வேண்டியதில்லை. கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

மண்புழு போடலாமா?

மழைக்குப் பிறகு உருளைக்கிழங்குத் தோட்டங்களிலிருந்து புழு தானாகவே ஓடைக்கு அடித்து வரப்படும். அப்போது டிரவுட்டுக்கு அதைவிடப் பிடித்தது வேறில்லை. ஆனால் புழுவை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் போய்விடும், திருப்பி விட்டாலும் பிழைக்காது. அனுமதி வாங்கும்போதே புழு போடலாமா என்று கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான்.

முள் நிமிடத்துக்கு ஒருமுறை பாறையில் சிக்குகிறது. என்ன செய்வது?

கொஞ்சம் சிக்கத்தான் வேண்டும். சிக்கவே இல்லை என்றால் நீங்கள் அடிக்குப் போகவில்லை. ஆனால் சிக்கியதும் பின்னால் சாய்ந்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இடுக்கில் இறுகும். மேல்நோக்கி நடந்து, அது நுழைந்த திசைக்கு எதிர்த்திசையிலிருந்து லேசாகச் சுண்டுங்கள். அல்லது நரம்பை நிறையத் தளர்த்தி விடுங்கள். ஓட்டமே அதைக் கீழே இழுத்துப் பின்பக்கமிருந்து கழற்றிவிடும். பாதிக்குப் பாதி வரும். அறுந்துபோன நரம்பைக் கையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஓடைக்கரை மரத்தில் நரம்பு சுற்றிக்கொண்டு தொங்கிய ஒரு சிறு பறவையை அவிழ்த்துவிட எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

கடித்ததும் மீன் ஓட்டத்தோடு கீழே ஓடிவிடுகிறது, நரம்பு அறுகிறது.

கோலை வானத்தைப் பார்த்துத் தூக்குவதை நிறுத்துங்கள். மீனின் தலை மேலே வந்தால் அது துள்ளும். ஓட்டத்தின் எடையும் மீனின் எடையும் சேர்ந்து நரம்பில் விழும். கோலைத் தரைக்கு இணையாகச் சாய்த்து, கரைப்பக்கமாக இழுங்கள். மீனின் நோக்கம் நடு ஓட்டத்துக்குப் போவது, உங்கள் நோக்கம் பக்கத்து மெதுநீருக்குத் திருப்புவது. ரீலின் பிடியை, கையால் இழுத்தால் நரம்பு முனகிக்கொண்டு வெளியே வரும் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள்.

கீழே போயே விட்டால் நின்ற இடத்திலிருந்து மல்லுக்கட்ட வேண்டாம். கரையோடு நடந்து அதற்குச் சமமான இடத்துக்குப் போங்கள். அதற்காகத்தான் எறியும் முன்பே, "இங்கே கடித்தால் எங்கே கரையேற்றுவேன்?" என்று ஒருமுறை பார்த்துவைக்கச் சொல்கிறேன்.

தண்ணீரில் இறங்கி நிற்கலாமா?

முழங்கால் வரை. வேகமான நீரில் அதற்கும் கீழே. ஓட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் காலில் விழும் தள்ளல் நான்கு மடங்காகும். முழங்காலில் தாங்கக்கூடிய நீர் தொடைக்கு வந்ததும் ஆளைத் தூக்கிவிடும்.

மூங்கில் கோல் ஒன்று கையில் வேண்டும். அதை மேல்பக்கம் ஊன்றி, முகத்தை ஓட்டத்தை நோக்கி வைத்து, ஒரு கால் ஊன்றிய பிறகே அடுத்த காலை நகர்த்துங்கள். பாசிப் பாறையில் ரப்பர் அடி வழுக்கும். ஷூவைச் சுற்றித் தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டிக்கொள்வது மலிவான வழி, நன்றாகப் பிடிக்கும். பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டு இறங்குங்கள். விழுந்தால் கழற்றி எறிய வேண்டியிருக்கும். விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயல வேண்டாம், பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி, கரைப்பக்கம் கைகளால் தள்ளிக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வெயில் அடிக்கிறது, மழை இல்லை. அப்போதும் நீர் திடீரென்று ஏறுமா?

ஏறும். இரண்டு காரணங்கள். ஒன்று, மேலே மலைமுகட்டில் பெய்யும் மழை உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது, குந்தா நீர்மின் திட்டம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில் மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு என்று அணைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. மின் தேவையையும் அணையின் இருப்பையும் பார்த்து நீரைத் திறப்பார்கள். அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகையில் எந்தக் காலத்திலும் தூண்டில் போடாதீர்கள். சங்கு ஒலித்தால் மீன் கையில் இருந்தாலும் விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

இயற்கை ஓடையில் நான் செய்வது இது: வந்ததும் நீர் விளிம்பில், பாதி நனைந்தபடி ஒரு வெளிர்நிறக் கல்லை வைப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பேன். கல் மூழ்கியிருந்தால் மூட்டை கட்டுவேன். பச்சை இலையும் சிறு குச்சியும் திடீரென மிதந்து வருவது, ஓடையின் சலசலப்பு அடித்தொண்டை உறுமலாக மாறுவது, நீரில் மண்வாசனை ஆகியவை கல்லுக்கு முன்பே சொல்லும் அடையாளங்கள். ஒரு புரட்டாசி மதியம் கல்லை வைத்தேன், பார்க்க மறந்தேன். நல்ல வெயில். திரும்பிப் பார்த்தபோது கல்லும் இல்லை, அதற்கு மேல் பாறையில் வைத்த சாப்பாட்டுப் பையும் இல்லை. நான் வந்த வழியில் இடுப்பளவு நீர். எதிர்க்கரையில் ஏறிச் சுற்றி நடந்து, இருட்டிய பிறகு எமரால்டு வந்து சேர்ந்தேன். வீட்டில் பேச்சு வாங்கியதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

உதகையில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் தொடங்குங்கள். எந்த நீர்நிலை, எந்த மாதங்கள், ஒரு நாளில் எத்தனை மீன், எவ்வளவு நீளத்துக்குக் குறைந்ததைத் திருப்பி விட வேண்டும் என்று அங்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. ஓடை காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதியும் தனியாக வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் தூண்டில் எடுத்துச் செல்லாதீர்கள். நீலகிரியில் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் தனிச் சட்டம் 1879-லேயே வந்துவிட்டது. கேட்காமல் பிடிப்பது அப்போதே குற்றம்.

மாயாற்றில் மகாசீர் பிடிக்கலாம் என்கிறார்களே?

பிடிக்கக் கூடாது. காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய கூன்முதுகு மகாசீர் இன்று எஞ்சியிருக்கும் சில இடங்களில் மாயாறும் ஒன்று. அதற்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். அதே வருடம் மிக அருகிய இனம் என்று சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்தது. ஐம்பது கிலோவைத் தாண்டி வளர்ந்த மீன் அது. டிரவுட் வந்தேறி, மகாசீர் மண்ணின் மைந்தன். இரண்டில் எதைத் தொட வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

கொடைக்கானலில் இதே முறை செல்லுமா?

கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ் கட்டியது. நின்ற நீர், கெண்டை மீன். இங்கே எழுதியது எதுவும் அங்கே உதவாது. தக்கையும் பொறுமையும் போதும்.

காட்டுவிலங்கு, அட்டை?

அட்டைக்கு உப்பு முடிச்சு. காலுறைக்கு மேல் வேப்பெண்ணெய். அவ்வளவுதான்.

விலங்கு வேறு கதை. ஓடையின் இரைச்சலில் நீங்கள் வருவது காட்டெருமைக்குக் கேட்காது, அது நிற்பது உங்களுக்கும் கேட்காது. திருப்பங்களில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போங்கள், கோலால் பாறையைத் தட்டுங்கள். மீன் கலைந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். பேச்சுச் சத்தம் நீருக்குள் அவ்வளவாகப் போகாது, காலடி அதிர்வுதான் போகும். நான்கரை மணிக்குமேல் ஓடைக்கரையில் நிற்காதீர்கள்.

சிறிய மீனைத் திருப்பி விடும்போது செத்துவிடுகிறதே?

காய்ந்த கையால் பிடித்திருப்பீர்கள். மேலே உள்ள வழுவழுப்புதான் அதற்குத் தோல். அது போனால் பூஞ்சை பிடிக்கும். கையை நனையுங்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள், முள்ளின் பின்பல்லை முன்கூட்டியே குறடால் நசுக்கி வையுங்கள். விடும்போது மெதுநீரில் தலையை ஓட்டத்தைப் பார்த்து வைத்து, அது தானாக வாலை அடித்துக் கிளம்பும் வரை தாங்கிப் பிடியுங்கள். வெயில் ஏறி நீர் 20 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அதற்கு மூச்சுத் திணறல் ஏற்கெனவே இருக்கும். அன்றைக்குப் பிடிக்காமல் இருப்பதே உதவி.

பிடித்ததை எப்படிச் சமைப்பது?

குழம்பு வேண்டாம். புளியும் மிளகாயும் இந்த மீனின் மெல்லிய ருசியை அமுக்கிவிடும், சதையும் உதிர்ந்துவிடும். கரையிலேயே குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள், கசப்பு அதில்தான். கழிவை ஓடையில் போடாதீர்கள். செதில் மிகப் பொடியாக இருப்பதால் உரசி எடுக்க வேண்டியதில்லை. இடித்த மிளகும் உப்பும் தடவி, இரும்புக் கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு, தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை ஒரு பக்கம், பிறகு ஒரே ஒரு முறை திருப்பி மறுபக்கம். எலுமிச்சையைச் சாப்பிடும்போது பிழியுங்கள். முன்பே பிழிந்து ஊறவைத்தால் சதை மாவாகிவிடும்.